பாமினியை யூனிகோடாக மாற்றியபின் ‘வெளிச்சவீடு’ தேடினால் கிடைக்கவில்லை – உதவி வேணும்

நெய்தல்மகள்:
வணக்கம். அப்பா தவறி வாற மாதம் ஒரு வருசம். ஆட்டைத் திவசத்துக்கு அவர் எழுதி வைத்த கடற்கதைகளைச் சின்னப் புத்தகமாக்கிக் கொடுப்பம் என்று இருக்கிறோம். 2003 தொடக்கம் வேர்டில் பாமினி எழுத்துருவில் தானே இருந்து அடித்தவர். கனடாவில் அக்காவின் போனில் அந்தக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான் தெரியுது. அதனால் இணையத்தில் கிடைத்த ஒரு எழுத்துரு மாற்றியில் போட்டு 140 பக்கத்தையும், எந்தப் போனிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடாக்கினேன்.

பார்க்க எல்லாம் சரிபோலத்தான் இருக்கு. ஆனால் நேற்று ‘வெளிச்சவீடு’ என்று தேடினேன், ஒன்றும் இல்லை என்கிறது. முதற்பக்கத்திலேயே அந்தச் சொல் இருக்கு. ‘வெள்ளம்’, ‘தெளிவு’, ‘ஒளி’, இவையும் அகப்படவில்லை. எழுத்துப்பிழை பார்க்கப் போட்டால் இந்தச் சொற்கள் எல்லாவற்றுக்கும் கீழே சிவப்புக் கோடு. நன்றாகப் பெரிதாக்கினால் ‘ளி’யில் விசிறி (இகரக் குறி) கொஞ்சம் விலகி நிற்கிற மாதிரித் தெரியுது. என்ன செய்யலாம்?

மெய்ப்புத்தாள்:
ஔகாரத்தால் வருகிற பிழை இது. ‘ௌ’ வருகிற இடத்தில் எல்லாம் ‘ெள’ என்று மொத்தமாக மாற்றிவிடுங்கள், சரியாகிவிடும்.

நெய்தல்மகள்:
செய்தேன் அண்ணா. வெளிச்சவீடு வந்திட்டுது. ஆனால் இப்ப பௌர்ணமி, மௌனம், சௌகரியம் எல்லாம் உடைஞ்சு போச்சு. அப்பாவின் கதை ஒன்றில் கெளிறும் வௌவால் மீனும் ஒரே வலையில் படும். முதல் கெளிறு பிழை, வௌவால் சரி. இப்ப கெளிறு சரி, வௌவால் ‘வெளவால்’ ஆகிட்டுது.

ஒற்றெழுத்து:
சகோதரி, மொத்த மாற்றம் செய்வதற்கு முந்தைய கோப்பு இருக்கிறதா? இருந்தால் அதையே எடுங்கள். இப்போதைய கோப்பைத் தொட வேண்டாம். சரியான ஔகாரமும் தவறானதும் அதில் ஒன்றாகக் கலந்துவிட்டன, இனி பிரிப்பது பெரிய வேலை.

ஏன் இப்படி ஆனது என்றால், பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்த எழுத்துரு. திரையில் ‘தமிழ்’ என்று தெரிவது கோப்புக்குள்ளே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அதில் எஸ் என்ற இடத்தில் ள இருக்கிறது. ஔகாரத்தின் வலப்பக்கத் துண்டும் பார்வைக்கு ள மாதிரியே இருப்பதால் அதற்கும் அதே எஸ்தான். கொம்பு, வ, எஸ் என்று வரிசையாக வந்தால் அது வௌவாலா வெளிச்சமா என்று கோப்பில் எந்தக் குறிப்பும் கிடையாது. உங்கள் அப்பா படித்தால் தெரியும், நிரலுக்குத் தெரியாது. நீங்கள் பயன்படுத்திய மாற்றி எல்லாவற்றையும் ஔகாரம் என்று எடுத்துக்கொண்டு, பின்னால் வந்த இகரக் குறியையும் அதன் மேலேயே ஏற்றிவிட்டது. கண்ணுக்கு அது ‘வெளி’ போலவே தெரியும். தேடுபொறிக்கு அது வேறு சொல்.

ஆனால் தமிழே இதற்கு வழி வைத்திருக்கிறது. ஒரு மெய்யின் மேல் இரண்டு உயிர்க்குறிகள் ஏறாது. ஆகவே ௌ-வுக்கு அடுத்து ஓர் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது கண்ணை மூடிக்கொண்டு பிழை. அந்த இடங்களை மட்டும் மாற்றுங்கள். கோப்பை வெறும் உரையாக யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமித்து, நோட்பேட் பிளஸ் பிளஸ் என்ற உரைத் திருத்தியில் திறந்து, மாற்றும் பெட்டியில் ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்:

தேட: ௌ([ாிீுூ்])
மாற்ற: ெள$1

அடுத்து ‘ஒளி’க்காக:

தேட: ஔ([ாிீுூ்])
மாற்ற: ஒள$1

தனிக் குறிகளைத் தட்டச்சு செய்வது சிரமம், இங்கிருந்தே நகலெடுத்து ஒட்டுங்கள். தேடலில் ஒன்றுமே வராவிட்டால் அந்த மாற்றி ௌ-வை இரண்டு துண்டாகச் சேமித்திருக்கலாம், சொல்லுங்கள், வேறு வரி தருகிறேன்.

இதற்குப் பிறகு மிஞ்சுகிற ௌ, ஔ ஒவ்வொன்றையும் கண்ணால் பாருங்கள். கதையில் எங்கள் தமிழ்நாட்டுப் பக்கத்து ஆள் யாராவது ‘வெளங்குதா’ என்று பேசியிருந்தால் அது ‘வௌங்குதா’ என்று நிற்கும். இந்த விதிக்கு அது சிக்காது.

மெய்ப்புத்தாள்:
நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள். எழுத்து சரியான பிறகு, எழுத்துப்பிழைக்கு வாணி, சந்திப்பிழைக்கு நாவி என்ற இணையத் திருத்திகள் பயன்படும். ஒவ்வொரு கதையாகப் போடுங்கள். சொல்கிற திருத்தத்தை எல்லாம் அப்படியே ஏற்க வேண்டாம். ‘புத்தகத்தை படித்தான்’ என்பதுபோல் ஒற்று விட்டுப்போன இடங்களுக்கு நல்ல உதவி. ஆனால் ஒற்று மிகுமா என்பது பல இடங்களில் பொருளைப் பொறுத்தது. ‘யானை பிடித்தான்’ என்பதில் மிகாது, ‘யானைப் பாகன்’ என்பதில் மிகும். கதைமாந்தர் பேச்சை எந்தக் கருவியிலும் போடாதீர்கள். உங்கள் ஊர்ப் பேச்சு முழுக்கப் பிழை என்றுதான் காட்டும்.

நெய்தல்மகள்:
பழைய கோப்பு இருந்தது. முதல் விதியில் 412 இடம், ‘ஒளி’யில் 37 இடம் மாறினது. மிஞ்சினதில் பாம்பனில் இருந்து வந்த சம்மாட்டி ஒருவர் உண்மையாகவே ‘வெளங்குதா தம்பி’ என்று கேட்கிறார், மூன்று இடத்தில். அதைக் கையால் திருத்தினேன். பேச்சு வரிகளில் வேறொன்றும் தொடமாட்டேன், அப்பா ஒவ்வொருத்தரின் கதையையும் காதால் கேட்டு எழுதினவர். இப்ப கெளிறு, வௌவால் இரண்டும் தேடக் கிடைக்குது. அக்காவுக்கு அந்தக் கதையை அனுப்பினேன். போனில் வாசிச்சுப்போட்டு அழுதுகொண்டு எடுத்தவ. இரண்டு பேருக்கும் மிக்க நன்றி.