டிரெஸ்ஸாஜ்: நொவிஸிலிருந்து எலிமென்டரிக்கு இந்த ஆண்டே ஏறலாமா?

கோண்டாவிலாள் எழுதியது:

வணக்கம். மூன்று கிழமை விடுமுறையில் கோண்டாவிலில் அம்மா வீட்டில் நிற்கிறேன். குதிரை இங்கிலாந்தில் இருக்கிறது. ஆனாலும் ஏப்ரலில் தொடங்கும் டிரெஸ்ஸாஜ் போட்டிகளுக்கு (குதிரையைக் குறித்த அசைவுகளில் நடத்தி நடுவரிடம் மதிப்பெண் பெறுவது; நிலைகள் ப்ரிலிமினரி, நொவிஸ், எலிமென்டரி என்று ஏறும்) எந்த நிலையில் பெயர் கொடுப்பது என்பதை நான் திரும்பிப் போவதற்குள் தீர்மானித்தாக வேண்டும். இதைத் தமிழில் பேசக்கூடிய சிலர் இங்கே இருப்பதை அறிந்து எழுதுகிறேன்.

குதிரைக்கு 12 வயது. ஐரிஷ் டிராஃப்ட் இனக் கலப்பு, 16 கை (ஏறக்குறைய 163 செ.மீ.) உயரம், பாரமான முன்பகுதி. நானும் ஒரு தோழியும் செலவைப் பாதியாகப் பகிர்ந்து அதைப் பராமரிக்கிறோம். கிழமையில் நான்கு நாள் என் முறை. நான் 27 வயதில்தான் முதன்முதலாகச் சேணத்தில் ஏறினேன், இப்போது 35. ப்ரிலிமினரியில் இரண்டு ஆண்டுகளும் நொவிஸில் ஒன்றரை ஆண்டும் போட்டியிட்டிருக்கிறேன். கடைசி ஆறு நொவிஸ் தாள்களில் (தாள் என்பது செய்து காட்ட வேண்டிய அசைவுகளின் வரிசை) 64 முதல் 69 விழுக்காடு வரை கிடைத்தது. என் பயிற்றுநர் ஏறச் சொல்கிறார். தோழியின் பயிற்றுநரோ, குதிரை இன்னும் முன்பாரத்தில், அதாவது எடையை முன்னங்கால்களில் போட்டு, நடப்பதால் ஓராண்டு பொறுக்கச் சொல்கிறார்.

நொவிஸில் இல்லாத, அல்லது தொட்டும் தொடாமலும் இருந்த அசைவுகளே என் கவலை. சுவரோரம் போகும்போதே தோளைக் களத்தின் உள்ளே திருப்பி வைக்கும் ஷோல்டர் இன் இடப்பக்கம் நன்றாக வருகிறது. வலப்பக்கத்தில் கழுத்து மட்டும் வளைந்து, வெளித்தோள் வழுகிப் போகிறது. கன்டரிலிருந்து (ஒரு பக்கக் கால் முந்தி வைக்கும் பாய்ச்சல் ஓட்டம்) நேரே நடைக்கு இறங்கி, மூன்று முதல் ஐந்து அடி நடந்து, மறு காலில் கன்டர் எடுக்க வேண்டிய எளிய கால்மாற்றத்தில், வலதிலிருந்து இடதுக்குப் போகும்போது நடைக்கு முன்னர் இரண்டு மூன்று ட்ரொட் (நடைக்கும் கன்டருக்கும் இடைப்பட்ட ஓட்டம்) அடிகள் புகுந்துவிடுகின்றன; அந்த நேரத்தில் வாலைச் சுழற்றுகிறது, காதுகளையும் பின்னால் மடிக்கிறது. அமர்ந்தபடி ட்ரொட் போகும்போது ஐந்து நிமிடத்துக்குப் பிறகு என் இடுப்பு இறுகி, கைகள் கடிவாளத்தில் தொங்கத் தொடங்குகின்றன.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நொவிஸுக்கு நான் அவசரப்பட்டு ஏறிய முதல் நாளில் 54 விழுக்காடு வாங்கினேன். அந்த எண் எனக்கு மறந்துவிட்டது என்றே சொல்லலாம். ஆனால் அதன் பிறகு ஏறக்குறைய மூன்று மாதங்களுக்கு, களத்தின் வாயிலான ஏ எழுத்தைக் கண்டவுடனேயே குதிரை கழுத்தைச் சுருக்கியது மறக்கவில்லை. அப்பா சவாரி மாடு (வண்டிப் பந்தய மாடு) வளர்த்தவர். நேற்று அவரிடம் இதைச் சொன்னபோது, "நாம்பன் இழுக்கிற இழுப்பைப் பாராதை, இழுத்து முடிஞ்சு நிக்கிற நிலையைப் பார்" என்றார். அந்தக் குதிரையை இரண்டாம் முறையும் அப்படி நிற்க வைக்க எனக்கு விருப்பமில்லை. ஏறுவதற்கு ஆயத்தம் என்பதை நீங்கள் எதைக் கொண்டு அறிவீர்கள்?

சுன்னாகத்தார் எழுதியது:

சகோதரி, நான் ஜேர்மனியில் பொழுதுபோக்காகக் குதிரையேறுபவன். உங்களைப் போலவே வேலைக்குப் போய்க்கொண்டு போட்டியிடுபவன். இங்கே வகுப்புகள் ஈ, ஏ, எல், எம், எஸ் என்று போகும். ஏ வகுப்பிலிருந்து எல் வகுப்புக்கு நான் ஏற முயன்ற இடமும், நீங்கள் இப்போது நிற்கும் இடமும் ஏறத்தாழ ஒன்றே. பின்னங்கால்களை உடலின் கீழே கொண்டுவந்து பாரத்தை அவற்றின் மேல் ஏற்கும் கலெக்‌ஷன் முதன்முதலாகக் கேட்கப்படுவது இந்தப் படியில்தான். அதனால்தான் கீழே உள்ள படிகளைவிட இது உயரமாகத் தெரிகிறது.

64 முதல் 69 வரை என்பதை மட்டும் வைத்து நான் எதுவும் சொல்லமாட்டேன். ஒரே 66 விழுக்காடு இரண்டு விதமாக வரும். ஒருவர் எல்லா அசைவுகளுக்கும் பத்துக்கு ஆறரை, ஏழு என்று வாங்கியிருப்பார். மற்றவர் சுதந்திர நடைக்கும் நேர்கோட்டுக்கும் எட்டு வாங்கி, மாற்றங்களுக்கு (ஓர் ஓட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது) ஐந்து ஐந்தாக வாங்கி, சராசரியில் அங்கே வந்து நின்றிருப்பார். முதலாமவர் ஏறலாம். இரண்டாமவர் ஏறினால், இதுவரை எந்த ஐந்துகளை மற்ற மதிப்பெண்கள் மூடிவைத்தனவோ அவையே மேல்நிலைத் தாளின் பெரும்பகுதியாகிவிடும். 240 மதிப்பெண் கொண்ட ஒரு தாளில், இரட்டிப்பாக எண்ணப்படும் ஒரே அசைவு ஏழிலிருந்து ஐந்துக்கு இறங்கினால் ஏறக்குறைய 1.7 விழுக்காடு போய்விடுகிறது. அப்படி மூன்று இறங்கினால் ஐந்து விழுக்காடு. ஆகவே உங்கள் ஆறு தாள்களையும் எடுத்து வைத்து, மாற்றங்களுக்குக் கிடைத்த எண்களை மட்டும் தனியே எழுதிப் பாருங்கள். நடுவர் பக்கத்தில் எழுதிய குறிப்பில் ஒரே சொல் மூன்று தாள்களில் திரும்பி வந்தால், உங்கள் கேள்விக்கு அதுவே பதில்.

இங்கே பயிற்சிக்கு அடிப்படையாகக் கொள்ளும் ஆறு படிகளை நீங்கள் அறிந்திருப்பீர்கள்: தாளம், உடல் தளர்வு, கடிவாளத் தொடர்பு, உந்துவிசை, நேர்த்தன்மை, கடைசியாகக் கலெக்‌ஷன். கால்மாற்றத்தில் ட்ரொட் அடிகள் புகுவதை ஆறாவது படியின் குறையாக எண்ணி, கடிவாளத்தை இன்னும் இறுக்கி அதைத் திருத்த முயல்வதுதான் நம்மைப் போன்றவர்கள் வழமையாகச் செய்யும் பிழை. என் குதிரையில் அது ஐந்தாவது படியின் குறையாக இருந்தது. வலது கன்டரில் பின்பகுதி உள்ளே விலகி நின்றதால், இறங்கும்போது பாரத்தை ஏற்க அதற்குப் பின்கால் கிடைக்கவில்லை. நான் கால்மாற்றத்தையே இரண்டு மாதங்கள் நிறுத்திவிட்டு, 20 மீற்றர் வட்டத்தில் கன்டரை ஐந்தாறு அடிக்குச் சுருக்குவதும் மீண்டும் முன்னே விடுவதுமாக மட்டும் செய்தேன். தோளைச் சிறிதளவு உள்ளே வைத்துக்கொண்டேன். நடைக்கு இறங்குவது அதன் பிறகு தானாகவே வந்தது.

வலப்பக்க ஷோல்டர் இன்னுக்கும் காரணம் இதுதான் என்று ஐயப்படுகிறேன். குதிரையின் தோள்கள் ஏறக்குறைய 30 பாகை உள்ளே வர வேண்டும். உள் கடிவாளத்தால் இழுத்தால் கழுத்துத்தான் வரும். மூலையில் ஒரு 10 மீற்றர் வட்டம் போட்டு, அதே வளைவுடன் இரண்டாம் வட்டத்தின் முதல் அடியை எடுத்தவுடன், வெளிக் கடிவாளத்தால் தோளைத் தடுத்துச் சுவரோரம் போகச் சொல்லுங்கள். ஆறு அடி நன்றாக வந்தால் விட்டுவிடுங்கள். நீளச் சுவர் முழுவதையும் கேட்காதீர்கள்.

ஏறுவது என்றால் கீழ்நிலையை விட்டுவிடுவது என்று பொருள் இல்லை. ஒரே நாளில் முதலில் நொவிஸ், பிறகு எலிமென்டரி என அடுத்தடுத்த இரண்டு நிலைகளிலும் போட்டியிடுவதற்குப் பல போட்டிகளில் இடமுண்டு. பழகிய தாளில் குதிரையின் மன இறுக்கம் தளர்ந்த பின் புதிய தாளுக்குள் போவது, உங்களுடையது போன்ற மறக்காத குதிரைக்கு மிகவும் உதவும்.

நெடுந்தீவு வைத்தியர் எழுதியது:

பிள்ளை, நான் ஓய்வுபெற்ற கால்நடை வைத்தியர். போட்டி பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு வரியை மற்றவர்கள் கடந்து போய்விடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். வாலைச் சுழற்றுகிறது, காதுகளை மடிக்கிறது, அதுவும் ஒரே பக்கத்து மாற்றத்தில் மட்டும் என்கிறீர்கள். அது பயிற்சிக் குறையாகவும் இருக்கலாம், நோவாகவும் இருக்கலாம். முதலில் நோவை விலக்கிவிட்டுத்தான் பயிற்சியைப் பேச வேண்டும்.

பிரித்தானியக் குதிரை மருத்துவர் சூ டைசனும் அவருடன் பணிபுரிந்தவர்களும், ஆள் ஏறியிருக்கும்போது குதிரை காட்டும் 24 நடத்தைகளைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். காதுகளை ஐந்து விநாடிக்கு மேல் பின்னால் மடித்து வைத்திருத்தல், திரும்பத் திரும்ப வாலைச் சுழற்றுதல், வாயைத் திறந்து பற்களைப் பிரித்து வைத்திருத்தல் முதலியவை அதில் உண்டு. அந்த 24இல் எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால், எலும்பு, மூட்டு, தசை ஆகியவற்றில் நோவு இருக்கக்கூடும் என்று எண்ணிச் சோதிக்க வேண்டும் என்பது அவர்களின் முடிவு. உங்கள் தோழி ஏறும்போது எடுத்த காணொளியை அனுப்பச் சொல்லி, இங்கிருந்தே அமர்ந்து எண்ணிப் பாருங்கள். நீங்கள் ஏறும்போது இருந்து தோழி ஏறும்போது இல்லையென்றால், அதுவும் ஒரு செய்தி.

நிற்கும் குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காட்டை முன்னங்கால்களே சுமக்கின்றன. நீங்கள் கேட்கும் கலெக்‌ஷன் அந்தப் பாரத்தில் ஒரு பகுதியைப் பின்னே, முழந்தாளுக்கும் கணுக்கும் மாற்றுகிறது. தசை சில மாதங்களில் வலுப்படும். தசைநாணும் எலும்பும் அதைவிட மெதுவாகவே பழகும். 12 வயதுக் குதிரையின் பின்னங்கால் கணு மூட்டை மேல்நிலைப் பயிற்சி தொடங்குமுன் ஒருமுறை பார்ப்பது வீண் செலவு அல்ல. முதுகுத் தசை மாறினால் பழைய சேணமும் பொருந்தாமல் போகும். பற்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கலெக்‌ஷன் என்பது மனிதன் குதிரைக்குக் கற்பித்த வித்தை அல்ல. நெடுந்தீவில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளிடம் நான் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இன்னொரு கிடாக் குதிரை எதிரே வரும்போது, கழுத்தை வளைத்து, பின்கால்களை உள்ளே எடுத்து, நிலம் சுடுவது போலத் துள்ளி வரும். ஆனால் அது சில விநாடிகள்தான், தன் விருப்பத்தில், முதுகில் ஆளில்லாமல். அப்பா சொன்ன அளவுகோலையே நானும் சொல்வேன்: வேலை முடிந்து கடிவாளத்தை நீளமாக விட்டவுடன் கழுத்தை நிலத்தை நோக்கி நீட்டி மூச்சு விடுகிறதா, அல்லது தலையைத் தூக்கி வைத்துக்கொண்டே நடக்கிறதா என்று பாருங்கள்.

வதிரியான் எழுதியது:

குதிரை இல்லாமல் யாழ்ப்பாணத்தில் நிற்கும் மூன்று கிழமையையும் வீணாக்காதீர்கள். வளவில் போட்டிக் களத்தின் நீள அகலங்களை நான்கில் ஒன்றாகக் குறைத்து, அதாவது 5 மீற்றர் அகலமும் 15 மீற்றர் நீளமுமாகக் கயிறு கட்டி, பனம் மட்டைத் துண்டுகளில் எழுத்துகளை எழுதி நட்டு, தாளை உங்கள் கால்களால் நடந்து பாருங்கள். ஷோல்டர் இன்னையும் நடக்கலாம். எந்தப் பக்கத்தில் உங்கள் தோள் திரும்ப மறுக்கிறது என்பது அப்போது தெரியும்.

கோண்டாவிலாள் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தாள்களின் படங்கள் கைபேசியில் இருந்தன. மாற்றங்களை மட்டும் பிரித்து எழுதியபோது 5, 5.5, 6, 5, 5.5, 5 என்று வந்தது. நான்கு தாள்களில் நடுவர் "திடீரென" என்று எழுதியிருக்கிறார். தோழியின் காணொளியில் ஐயா சொன்ன நடத்தைகளில் மூன்றை மட்டுமே எண்ண முடிந்தது. எனினும் கணு மூட்டையும் சேணத்தையும் பார்க்க மாசி மாத முதல் கிழமைக்கு நாள் கேட்டு எழுதிவிட்டேன்.

வளவில் கயிறு கட்டி நடந்தேன், அப்பா கதிரையில் இருந்து பார்த்தார். வலப்பக்கம் போகும்போது என் வலது இடுப்பு பின்னால் தங்குகிறது என்று முதலில் கண்டு சொன்னவர் அவர்தான். எட்டு ஆண்டுகளாக எனக்கு அது தெரியாது. ஏப்ரலுக்கு இரண்டு நொவிஸ் தாள்களுக்கு மட்டும் பெயர் கொடுக்கிறேன். மாற்றங்களுக்கு மூன்று முறை தொடர்ந்து ஆறரைக்குக் குறையாமல் வந்தால், ஆவணியில் நொவிஸுக்குப் பின் அதே நாளில் ஓர் எலிமென்டரி. இடுப்புக்கு என்ன பயிற்சி செய்யலாம் என்று தெரிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்; இன்னும் பத்து நாள் இங்கே நிற்பேன்.