நிறுத்தியே வைத்திருக்கும் பத்மினி: சோக்கைத் தள்ளினால் அணைந்துவிடுகிறது

செம்பூர்வாசி

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் பிரீமியர் பத்மினி கார், 1984 மாடல், சோலெக்ஸ் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்). மாதத்துக்கு ஒரு தடவை வெளியே எடுத்தால் அதிகம். மழை தொடங்கும்போது கவர் போட்டு மூடினால் கணபதி சமயத்தில்தான் திறப்போம்.

இந்த வருடம் கவரை எடுத்ததிலிருந்து ஒரே தொல்லை. செல்ஃப் நெடுநேரம் அடித்தால்தான் பிடிக்கிறது. சோக் (ஸ்டார்ட் ஆவதற்குக் கூடுதல் பெட்ரோல் விடும் குமிழ்) இழுத்திருக்கும்வரை சமர்த்தாக ஓடும். உள்ளே தள்ளினதும் இரண்டு குலுக்கு குலுக்கி அணைந்துவிடும். ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பிடித்தால் ஓடுகிறது, ஆனால் சிக்னலில் காலை எடுக்க முடியாது. முதல் கியரில் கிளப்பும்போது வேறு ஒரு கணம் மூச்சடைத்து, அப்புறம்தான் இழுக்கிறது.

பக்கத்து மெக்கானிக் ‘கார்புரேட்டர்ல கச்சரா’ (குப்பை) என்று கழற்றி ஊதிக் கொடுத்தார். வீடு வரும்வரை சொக்கத்தங்கம். அடுத்த ஞாயிறு பழைய குருடி கதவைத் திறடி. மறுபடி ஊதினார், மறுபடி அதே கதை. இப்போது கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார். அப்பா பால்கனியில் உட்கார்ந்தபடி சத்தத்தைக் கேட்டே ‘ஸ்லோ ஜெட்’ என்கிறார். ஆனால் அவர் காஸ் அடுப்பு சரியாக எரியாவிட்டாலும் அதைத்தான் சொல்வார்.

மாற்றத்தான் வேண்டுமா? ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க எனக்குப் பயமில்லை. எதைத் திறந்து எதைப் பார்க்க வேண்டும் என்று யாராவது சொன்னால் போதும்.

முலுண்ட் தம்பி

அக்கா, பேசாமல் வேறு வண்டியின் கார்புரேட்டரை அடாப்டர் தகடு போட்டு மாட்டிவிடுங்கள். என் நண்பன் அப்படித்தான் ஓட்டுகிறான். மைலேஜும் பரவாயில்லை.

பழைய ஸ்பானர்

தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. மாற்றி மாட்டினால் புதியதிலும் இதே அழுக்குத்தான் போய் அடையும்.

அம்மா, சயனில் ஒரு கராஜில் டாக்ஸி பத்மினிகளோடு மாரடித்தவன் நான். 2023 அக்டோபரில் கடைசி பத்மினி டாக்ஸியும் ஓய்ந்த பிறகு, சோலெக்ஸைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுகிறவர்கள் குறைந்துபோனார்கள். உங்கள் மெக்கானிக் ஊதினது தப்பில்லை. அழுக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் விட்டார், அவ்வளவுதான்.

உங்கள் அப்பா சொன்னது இந்தத் தடவை சரி. சோக்கில் ஓடுகிறது, தள்ளினால் நிற்கிறது, மிதித்தால் ஓடுகிறது என்றால் ஸ்லோ ஜெட்டில்தான் முதலில் கை வைக்க வேண்டும். ஜெட் என்பது பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சின்னப் பித்தளைத் திருகு. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பட்டர்ஃபிளை (கலவை போகும் வழியிலுள்ள தகடு) மூடிக்கொள்ளும். அப்போது எஞ்சினுக்குப் பெட்ரோல் போக அந்தச் சின்ன ஜெட்டின் வழிதான் உண்டு. சோலெக்ஸ் ஜெட்டில் பொறித்திருக்கும் எண் துளையின் அளவு: 120 என்றால் 1.20 மில்லிமீட்டர், 50 என்றால் அரை மில்லிமீட்டர். பெட்ரோல் காய்ந்த பிசின் மெல்லிசாகப் படிந்தாலே அரை மில்லிமீட்டர் துளை அடைந்துபோகும். சோக் கேபிள் போய் முடிகிற இடத்தில், காற்று வாயை மூடும் தகடு இல்லாமல் பக்கவாட்டில் சின்ன வட்ட மூடி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதற்குள் தனி ஜெட், தனி வழி. ஸ்லோ அடைத்திருந்தும் சோக்கில் சமர்த்தாக ஓடுவது அதனால்தான்.

செல்ஃப் நெடுநேரம் அடிப்பதற்குக் கவலைப்படாதீர்கள். நிறுத்திவைத்த வண்டியில் பவுலில், அதாவது கார்புரேட்டரின் கிண்ணத்தில், உள்ள பெட்ரோல் ஆவியாகிவிடும். எஞ்சின் சுற்றினால்தான் பம்ப் டாங்கிலிருந்து இழுத்து நிரப்பும். பம்பின் கீழே கை லீவர் இருந்தால் செல்ஃபுக்கு முன் அதை அடித்து பவுலை நிரப்பிவிடலாம். நிரம்பியதும் லீவர் தொளதொள என்றாகும். ஆரம்பத்திலிருந்தே அசைவில்லை என்றால் எஞ்சினைக் கொஞ்சம் சுற்றிவிட்டு மறுபடி அடியுங்கள். பேட்டரிக்கு ஆயுசு கூடும்.

இப்போது முக்கியமான வேலை. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, எஞ்சின் ஆறியபின், ஏர் ஃபில்டரை எடுத்து மேல் மூடியைத் திறங்கள். ஃப்ளோட்டை (பவுலில் மிதக்கும் மிதவையை) தூக்கினதும் துடைத்துவிடாதீர்கள்! அடியில் கிடப்பதை வெள்ளைத் துணியில் தட்டிப் பாருங்கள். செம்பழுப்புப் பொடி என்றால் டாங்க் துரு. மஞ்சளாக, நகத்தால் சுரண்டினால் வார்னிஷ் போலப் பெயர்ந்தால் காய்ந்த பெட்ரோல். வெள்ளை மாவு என்றால் தண்ணீர் புகுந்து உலோகம் அரித்திருக்கிறது. கறுப்புத் துணுக்கு என்றால் ஹோஸ் உள்ளுக்குள் உதிர்கிறது. ஊதுகிறவர் இதையும் சேர்த்து ஊதிவிடுகிறார், அதனால்தான் மறுபடி மறுபடி வருகிறது.

ஜெட்டைக் கழற்றி ஸ்ப்ரே அடித்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். அடம்பிடித்தால் தூண்டில் நைலான் நரம்பு போதும். செம்புக் கம்பி, குண்டூசி கூடவே கூடாது, பித்தளை தேய்ந்து அளவே மாறிவிடும். மிக்ஸ்சர் ஸ்க்ரூவை (ஐட்லிங்கில், அதாவது மிதிக்காமல் ஓடும்போது, கலவையைச் சரிசெய்யும் திருகு) எடுக்கும் முன் மெதுவாக உள்ளே திருகி எத்தனை சுற்று என்று எழுதிவையுங்கள். முட்டினதும் நிறுத்திவிடுங்கள், இறுக்கினால் ஊசி முனையில் வரி விழும், பிறகு ஐட்லிங் சீராகவே இருக்காது. பவுலுக்குள் பெட்ரோல் விடும் நீடில் வால்வுக்கு அடியில் உள்ள வாஷர்தான் பெட்ரோல் மட்டத்தை வைக்கிறது. அதே தடிமனில்தான் புதியதும் வேண்டும். பித்தளை ஃப்ளோட் என்றால் வெந்நீரில் அமுக்கிப் பாருங்கள், குமிழி வந்தால் ஓட்டை.

துணியில் என்ன விழுந்தது என்று எழுதுங்கள். அப்புறம் மேலே பேசலாம்.

செம்பூர்வாசி

சார், நீங்கள் சொன்ன நான்கில் மூன்று வகை இருந்தது! மஞ்சள் பிசின், கொஞ்சம் செம்பழுப்புப் பொடி, நிறையக் கறுப்புத் துணுக்கு. ஸ்லோ ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்தால் ஒன்றுமே தெரியவில்லை. ஸ்ப்ரேயும் நைலான் நரம்பும் போட்டபின் ஊசி முனை அளவுக்கு வானம் தெரிந்தது. பம்புக்கு வரும் ஹோஸை விரலால் மடித்தேன், வெளியே நல்ல கறுப்பு, மடித்த இடத்தில் உள்ளே வெடிப்பு. கைவிரலெல்லாம் கரி.

மாட்டியபின் சோக் இல்லாமலே ஐட்லிங் அணையாமல் ஓடுகிறது. கிளப்பும்போது மூச்சடைப்பது மட்டும் போகவில்லை. அப்பா இன்னும் ‘ஸ்லோ ஜெட்’ என்றுதான் சொல்கிறார்.

பழைய ஸ்பானர்

அப்பாவுக்கு என் வணக்கம். மூச்சடைப்பதற்குக் காரணம் ஆக்ஸிலேட்டர் பம்ப், மிதித்ததும் கூடுதலாகப் பெட்ரோல் பீய்ச்சும் கார்புரேட்டர் பாகம். எஞ்சின் ஓடாதபோது கார்புரேட்டர் வாயைப் பார்த்தபடி த்ராட்டில் லீவரைச் சட்டென்று இழுங்கள். சன்னமான பெட்ரோல் தாரை பீய்ச்ச வேண்டும். சொட்டினால் அந்தப் பம்பின் டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) விறைத்துவிட்டது. நிறுத்தியே வைக்கும் வண்டியில் அது காய்ந்து அட்டையாகிவிடும். குர்லா சி.எஸ்.டி. ரோட்டிலோ ஆபரா ஹவுஸ் பக்கத்து ஸ்பேர் கடைகளிலோ பழையதைக் கையில் எடுத்துப் போய்க் காட்டுங்கள். வாயால் மாடலைச் சொன்னால் எதையாவது கட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

டாங்கைக் கழற்றிக் கழுவாமல் வண்டியை எடுக்காதீர்கள். டாங்குக்கும் பம்புக்கும் நடுவே உள்ளே தெரிகிற ஃபில்டர் ஒன்றும் மாட்டுங்கள். எவ்வளவு பொடி வருகிறது என்று மூடியைத் திறக்காமலே தெரியும்.

மாட்டுங்கா கெமிஸ்ட்ரி

ஹோஸ் விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். இப்போது பங்கில் கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால். 1984-இல் போட்ட ரப்பர் அதற்கு ஏற்றதல்ல. ஊறி, மிருதுவாகி, உதிரும். வாங்கும்போது ஆர்9 என்று அச்சடித்த ஹோஸ் கேளுங்கள், உள்சுவர் ஃபுளோரோ ரப்பர்.

சந்தேகமிருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம். அளவு கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 100 மில்லி பெட்ரோல், 10 மில்லி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள், அடுப்பிலிருந்து தள்ளி. கீழே தண்ணீர் 10 மில்லியில் நிற்காது, எத்தனாலை இழுத்துக்கொண்டு 30 பக்கம் ஏறிவிடும். மழைக்காலக் காற்றில் உங்கள் டாங்குக்குள் இதே வேலைதான் மெதுவாக நடக்கிறது.

இன்னொன்று. சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், இ20-க்கு ஏறக்குறைய 13.5 போதும். புது வண்டியில் கம்ப்யூட்டர் சரிசெய்துகொள்ளும், சோலெக்ஸுக்கு அது தெரியாது. கலவை லீனாகும், அதாவது பெட்ரோல் குறைந்துபோகும். மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் வெளியே விட்டுப் பாருங்கள்.

செம்பூர்வாசி

இரண்டு பேருக்கும் நன்றி. சனிக்கிழமை குர்லா போகிறேன். ஒரே ஒரு கேள்வி: வாரம் ஒரு தடவை பத்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி வைத்தால் போதுமா? சொசைட்டியில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

பழைய ஸ்பானர்

வேண்டாம். நின்ற இடத்தில் உறுமினால் எஞ்சின் சரியாகச் சூடேறாது, சைலன்சரிலும் ஆயிலிலும் தண்ணீர்தான் சேரும். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வாஷி பாலம் தாண்டிப் போய்த் திரும்புங்கள், அது போதும். மழைக்கு மூடும் முன் டாங்கைக் கழுத்துவரை நிரப்பிவிடுங்கள், ஈரக்காற்றுக்கு உள்ளே இடமிருக்காது. பம்புக்கு வரும் ஹோஸைக் கழற்றி முனையை அடைத்துவிட்டு, எஞ்சின் தானாக அணையும்வரை ஓட விடுங்கள். பவுல் காலியாகிவிடும், பிசின் படிய எதுவும் மிஞ்சாது. ஆயில் மட்டம் பார்க்கும் டிப் ஸ்டிக்கையும் ஒரு தடவை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது, குர்லா பட்டியலில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.