வீட்டுக்குள் காலைத் தூக்கும் நாய்: வழி சொல்லுங்கள்

எங்கள் ஆண் நாய்க்கு 2 வயது. கருத்தடை செய்யவில்லை. குட்டியிலிருந்தே வெளியில்தான் சிறுநீர் கழிப்பான். ஒரு மாதமாக சோபா ஓரம், கதவு நிலை, திரைச்சீலை என்று தேடிப்போய்க் காலைத் தூக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பீய்ச்சுகிறான். வெளியே போய்விட்டு வந்த கையோடும் இதேதான். பக்கத்து வீட்டுக்குப் புது நாய் வந்த பிறகுதான் தொடங்கியது, அதனால் எல்லை குறிக்கிறான் என்று நினைக்கிறேன்.

மருத்துவரிடம் காட்டினோம். சிறுநீர்ப் பரிசோதனையில் தொற்று இல்லை. கருத்தடை செய்தால் பல நாய்களுக்குக் குறையும், ஆனால் பழக்கமாகிவிட்டால் முழுதும் நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். இதுவரை அம்மோனியா கலந்த திரவத்தால் துடைத்துக்கொண்டிருந்தோம். அந்த வாடை சிறுநீர் போலவே இருப்பதால் மறுபடி அங்கேயே இழுக்குமாம். இப்போது சிறுநீர்க் கறையையும் வாடையையும் சிதைக்கும் என்சைம் கிளீனருக்கு மாறிவிட்டோம். அடிக்க எனக்கு மனமில்லை. அடித்தால் பயந்துபோய் நாம் இல்லாத நேரம் பார்த்துச் செய்வான், அவ்வளவுதான்.

கருத்தடைக்குப் பிறகு உங்கள் நாயிடம் எத்தனை நாளில் மாற்றம் தெரிந்தது? பீய்ச்சும் சிறுநீரை உறிஞ்ச வயிற்றைச் சுற்றித் துணிப்பட்டை கட்டியவர்கள், புண் வராமல் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள்? அப்புறம், பக்கத்து வீட்டு நாய் இவன் கண்ணில் படாதபடி ஜன்னலை மறைத்தால் பலன் இருக்குமா? வீட்டில் பெரியவர்கள் அவனை வெளியே கட்டிவிடச் சொல்கிறார்கள். அதற்கு முன் எல்லா வழியையும் பார்த்துவிட வேண்டும்.