புதிய கேர்னலில் சேர்வர் தொடங்கவில்லை: வன்தட்டு தென்படாததற்குக் காரணம் என்ன?

கேள்வி:
வணக்கம். புறக்கோட்டையிலுள்ள மொத்த வியாபார நிலையமொன்றின் பற்றுச்சீட்டு, கையிருப்பு வேலைகள் யாவும் டெபியன் 12 (லினக்ஸ் இயங்குதளம்) இயங்கும் ஒரு மெய்நிகர் சேர்வரில் நடக்கின்றன. மாத இறுதி அறிக்கை எடுக்கும்போது போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் மிகவும் மந்தமாவதால், வேகம் கூடும் என்ற எதிர்பார்ப்பில் 6.12 கேர்னலை (இயங்குதளத்தின் கருப்பகுதியை) என் மடிக்கணினியில் லோக்கல்மொட்கொன்ஃபிக் மூலம் சுருக்கி, டெப் பொதியாக்கிச் சேர்வரில் நிறுவினேன். மீளத் தொடக்கியதும், ரூட் பிரிவின் (இயங்குதளம் இருக்கும் வன்தட்டுப் பகுதியின்) அடையாளமான யூயூஐடி இல்லை என்று அறிவித்துவிட்டு, தொடக்கநிலைக் கட்டளைத் திரையான இனிட்ராம்எஃப்எஸ் ஷெல்லில் நின்றுவிடுகிறது. கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் பழைய 6.1ஐத் தெரிவு செய்தால் வழமைபோல் இயங்குகிறது. எங்கே பார்க்க வேண்டும்?

மறுமொழி 1:
தம்பி, வன்தட்டில் பழுதில்லை. அதனுடன் பேசும் டிரைவர்தான் புதிய கேர்னலில் இல்லை. லோக்கல்மொட்கொன்ஃபிக், தான் ஓடும் கணினியில் அந்நேரம் ஏற்றப்பட்டிருக்கும் மொடியூல்களை (டிரைவர் போன்ற கேர்னலின் துணைப் பகுதிகளை) மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றைக் கழித்துவிடும். உங்கள் மடிக்கணினிக்கு அதன் சேமிப்பகத்துக்கான என்விஎம்ஈ டிரைவர் போதும். மெய்நிகர் கணினிகளை இயக்கும் கேவிஎம்மில் ஓடும் சேர்வருக்குப் பெரும்பாலும் மெய்நிகர் வன்தட்டுக்கான விர்டியோ பிளொக் டிரைவர் வேண்டும். அந்த ஷெல்லிலேயே புரொக் அடைவிலுள்ள பார்டிஷன்ஸ் கோப்பைத் திறந்து பாருங்கள், அந்த வன்தட்டைக் குறிக்கும் விடிஏ என்ற பெயரே இராது. பழைய கேர்னலில் சேர்வரைத் தொடக்கி, ஏற்றப்பட்ட மொடியூல்களைக் காட்டும் எல்எஸ்மொட் கட்டளை தரும் பட்டியலை ஒரு கோப்பில் சேமித்து, சேர்வரின் பூட் அடைவிலுள்ள கொன்ஃபிக் கோப்பையே அடிப்படையாகக் கொண்டு, மேக் கட்டளையில் எல்எஸ்மொட் என்ற மாறிக்கு அப்பட்டியலின் பாதையைக் கொடுத்து மீண்டும் சுருக்குங்கள். இரவில் மட்டும் வலையமைப்பு வழியாக இணையும் என்எஃப்எஸ் காப்புப்பிரதி இருந்தால், அதை மவுண்ட் செய்த பின்னரே பட்டியலை எடுக்க வேண்டும்.

மறுமொழி 2:
அண்ணன் சொன்ன காரணம் சரி. ஆனால் மொடியூல்களைக் குறைப்பதால் கேர்னல் கட்டும் நேரமும் வன்தட்டில் இடமும் மிஞ்சுமே தவிர, வினவல்கள் விரைவுபடா. ஏற்றப்படாத மொடியூல் நினைவகத்தில் இருப்பதே இல்லை. மந்தமான வேளையில், கணினியின் சுமையைக் காட்டும் விஎம்ஸ்டாட்டை ஓடவிட்டுக் கடைசி நிரல்களைக் கவனியுங்கள். டபிள்யூஏ உயர்ந்து நின்றால் சேர்வர் வன்தட்டுக்காகக் காத்திருக்கிறது. எஸ்டி உயர்ந்தால், உங்களுக்குரிய சிபியூ நேரம் ஹோஸ்டில் (உங்கள் சேர்வரைத் தாங்கும் உண்மைக் கணினியில்) வேறு மெய்நிகர் கணினிகளுக்குப் போகிறது. இவ்விரண்டையும் கேர்னலைக் கட்டித் தீர்க்க முடியாது. சிபியூ நேரத்தைப் பங்கிடும், 6.6இல் வந்த ஈஈவிடிஎஃப் ஷெடியூலரைப் பரீட்சிக்க விரும்பினால், டெபியன் 12க்குப் புதிய பொதிகளைத் தரும் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்தில் 6.12 ஆயத்தமாகவே கிடைக்கிறது. சொந்தமாகக் கட்டினால் ஒவ்வொரு பாதுகாப்புத் திருத்தத்துக்கும் நீங்களே மீண்டும் கட்ட வேண்டும். வியாபாரக் கணக்குகள் இருக்கும் சேர்வரில் அந்தச் சுமையை ஏற்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. சேர்வரின் எல்எஸ்மொட் பட்டியலைக் கொடுத்துக் கட்டிய கேர்னல் தடையின்றித் தொடங்கியது. அறிக்கை எடுக்கும்போது டபிள்யூஏ தொடர்ந்து உயர்ந்தே நிற்கிறது; வினவல் எப்படி நடக்கிறது என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால், ஒரு மாதக் கணக்குக்காக விற்பனை அட்டவணை முழுவதும் வாசிக்கப்படுகிறது. பேக்போர்ட்ஸ் கேர்னலுக்கு மாறிவிட்டு, திகதி நிரலுக்கு இன்டெக்ஸ் போடுகிறேன்.