மறு: திரைக்கதையில் ‘பீட்’: துடிப்பா, நகர்வா, அசையா?

> அகராதியில் உள்ளபடி ‘துடிப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாமே.

குழுவினருக்கு வணக்கம்.

ஒரு காட்சியைப் பிரித்தால் கிடைக்கும் மிகச்சிறிய துண்டைத் திரைக்கதைக்காரர்கள் ‘பீட்’ என்கிறார்கள். நம் சொற்பட்டியலுக்கு அதற்கொரு தமிழ்ச்சொல் தேடுகிறோம். ஓசூர் நண்பர் சொன்ன ‘துடிப்பு’ எனக்கு ஒட்டவில்லை. ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி நாடகத்தைச் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்துப் பார்க்க நடிகர்களைப் பழக்கினார். அந்தத் துண்டுதான் ஆங்கிலத்தில் ‘பிட்’ ஆகி, ரஷ்யர்கள் வாயில் ‘பீட்’ ஆனது என்று நாடகக்காரர்களிடையே ஒரு பேச்சு உண்டு. அது வெறும் கதையாகவே இருந்தாலும், நாம் பெயர் தேடுவது துண்டுக்குத்தான், இதயத்துக்கு அல்ல.

தருமபுரியில் நாங்கள் சிலர் திரைக்கதைகளை அச்செடுத்து வாசிக்கிறோம். பாத்திரத்தின் நோக்கம் மாறும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. பழகுவதற்காக நாங்களே எழுதிப் பார்த்த காட்சி இது:

உள். வீடு. இரவு.
மண்டியில் தக்காளி போட்டுவிட்டு வந்த அப்பா சாப்பிடுகிறார்.
“காலேஜ்ல இருந்து லெட்டர் எதாச்சும் வந்துச்சா?”
“இல்லப்பா. ரசம் ஊத்தட்டா?”
மண்டிச் சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகக் கை நீட்டுகிறார். அங்கே பிரித்த கவர் ஒன்று. சீட்டை மறுபடி சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்கிறார்.
“ஊத்தும்மா.”

மூன்று துண்டு. அவர் கேட்க, அவள் மறைப்பது ஒன்று. கவர் கண்ணில் படுவது இரண்டு. தெரிந்தும் தெரியாதவராக அவரும் அந்தப் பொய்க்குள் வந்துவிடுவது மூன்று. நடுத்துண்டில் வசனமே கிடையாது. இடப்பக்கம் செயல், வலப்பக்கம் வசனம் என்று எழுதும் நம் சீன் பேப்பரில் அது இடப்பக்கத்தில் மட்டும் இருக்கும். வசனத்தை மட்டும் படித்துத் திரைக்கதை கற்க நினைப்பவர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். அதனால் ‘பேச்சுத்துண்டு’ வகையறா எதுவும் உதவாது. ‘நகர்வு’ நல்ல சொல்தான். ஆனால் கேமரா நகர்வு, கதை நகர்வு என்று அதற்கு ஏற்கெனவே கை நிறைய வேலை.

என் பரிந்துரை ‘அசை’. பள்ளியில் குறளை அலகிட்ட எவருக்கும் ‘அசை பிரித்தல்’ என்றால் புரியும். நாங்கள் பென்சிலோடு செய்வதும் ஏறக்குறைய அதுதான். அசைவு என்ற பொருளும் கூடவே வருகிறது.

> அசைநிலை என்றால் பொருளற்ற இடைச்சொல். காட்சியின் உயிரான பகுதிக்கு அந்தப் பெயரா?

பென்னாகரம் ஐயா, அசைநிலை வேறு, அசை வேறு. தனியே ‘அசை’ என்றால் யாப்புதான் முதலில் நினைவுக்கு வரும். குழப்பம் வருமென்றால் ‘காட்சியசை’ என்போம். இதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். யாப்பில் அசை ஓசையால் பிரிவது. ‘கசடற’ என்பதைப் பொருள்படி கசடு, அற என்று பிரிப்போம். அலகிட்டால் கச, டற. காட்சியிலோ பொருள்தான் கோடு போடுகிறது. இந்த முரண் இருந்துவிட்டுப் போகட்டும். கடன் வாங்கிய சொல் பழைய வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை.

வசனத்தின் நடுவே அடைப்புக்குறிக்குள் வரும் ‘பீட்’ வேறு; அது சும்மா ஒரு நிறுத்தம். திரைக்கதை எழுதுவது பற்றிய தன் புத்தகத்தில் பிளேக் ஸ்னைடர் 2005இல் பரப்பிய 15 பீட் பட்டியலும் வேறு. திரைக்கதை ஆசிரியர்களுக்குப் பாடம் எடுக்கும் ராபர்ட் மெக்கீ சொல்லும் பீட் ஒரு காட்சிக்குள் நடக்கும் செயலும் எதிர்வினையும்; ஸ்னைடருடையவை முழுப்படத்தின் திருப்பங்கள். அவற்றை ‘திருப்பம்’ என்றே விட்டுவிடலாம்.

> துடிப்பைக் கைவிடுகிறேன். ஆனால் ஷூட்டிங்கில் போய் “இந்த சீன்ல எத்தனை அசை?” என்று கேட்டால் லைட்மேன்கூடச் சிரிப்பார்.

சிரிக்கட்டும், அங்கே பீட் என்றே சொல்லிக்கொள்ளலாம். பாடக்குறிப்பு எழுதும்போதுதான் நமக்குச் சொல் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு தடை வராவிட்டால் சொற்பட்டியலில் ‘அசை’யைச் சேர்த்துவிடுகிறேன். நிறுத்தத்துக்குச் ‘சிறுமௌனம்’ என்று ஒருவர் சொன்னார்; பின்னணியில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தால் அது மௌனமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அதற்கு யாராவது ஒரு வழி சொல்லுங்கள்.