ஹெரால்டு சேசிஸில் கட்டிய வண்டிக்கு உதிரிபாகம் தேடிய அனுபவங்கள்

குன்னூர் உறுப்பினர் எழுதுவது:

நண்பர்களுக்கு வணக்கம். குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தின் கார் ஷெட்டில் நெடுநாள் தார்ப்பாய்க்குள் கிடந்த இரண்டு இருக்கை வண்டி ஒன்று சென்ற ஆண்டு என் கைக்கு வந்தது. ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தால் அது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நேரில் பார்த்தால் கதவும் கூரையும் இல்லாத, ஃபைபர் கிளாஸ் பாடி போட்ட, யாராலும் பெயர் சொல்ல முடியாத ஒரு வண்டி. முன்பு அதை வைத்திருந்த தோட்ட மேலாளர், ஹெரால்டின் இரும்பு பாடியைக் கழற்றிவிட்டு, அச்சில் வார்த்த பாடியை அதே சேசிஸ்மேல், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தின்மேல், பொருத்தியிருக்கிறார்.

அவர் ஹெரால்டைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை. 1961 முதல் சென்னைக்குப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் தயாரித்த அந்தக் காரில் சேசிஸ் தனி, பாடி தனி. அம்பாசிடரிலோ பத்மினியிலோ பாடியே வண்டியின் எலும்பு என்பதால் அதைக் கழற்றினால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. ஹெரால்டிலோ பாடியைத் தூக்கி வைத்துவிட்டு, எஞ்சினோடும் சக்கரத்தோடும் சேசிஸை மட்டும் ஓட்டிப் பார்க்கலாம். இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு சேசிஸ்மேல் எத்தனையோ பேர் இப்படி வீட்டிலேயே வண்டி கட்டியதற்கும் இதுவே காரணம்.

இத்தகைய வண்டிக்கு உதிரிபாகம் தேடும் வேலையில் பாதி, கடைக்குப் புறப்படும் முன்பே வீட்டில் முடிந்துவிட வேண்டும் என்பது என் கருத்து. வண்டியைக் கட்டியவர் தம் கைக்குக் கிடைத்ததையெல்லாம் மாட்டியிருப்பார். அவர் எதை எதிலிருந்து எடுத்தார் என்பதற்கு எந்தப் புத்தகமும் கிடையாது. என் வண்டியின் ஆல்டர்னேட்டர் மாருதி 800-இன் உருப்படி. ஹெட்லைட், அம்பாசிடருக்கும் புல்லட்டுக்கும் பொதுவான 7 அங்குல வட்டம் என்பதால் கவலையில்லை. பின்விளக்கு ஏதோ டிராக்டர் டிரெய்லரிலிருந்து வந்தது. முன் கண்ணாடி வளைவில்லாத தட்டைக் கண்ணாடி ஆகையால், அட்டையில் வெட்டிய மாதிரியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் லாமினேட்டட் கண்ணாடியில் வெட்டித் தருகிறார்கள்.

பேரிங்குக்கும் ஆயில் சீலுக்கும் வண்டியின் பெயரே தேவையில்லை. ஓரத்தைத் துடைத்தால் எண் தெரியும். 6205 என்றிருந்தால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, தடிமன் 15 மில்லிமீட்டர், அது எந்த வண்டியில் இருந்தாலும் சரி. போல்ட்டுகளில்தான் எச்சரிக்கை வேண்டும். ஹெரால்டின் போல்ட்டுகள் அங்குலக் கணக்கு, பெரும்பாலும் யு.என்.எஃப். எனப்படும் நெருக்கமான மரை. 5/16 அங்குல போல்ட் 7.94 மில்லிமீட்டர், இன்றைய எம் 8 போல்ட் 8 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், ஒன்றிரண்டு சுற்று சுலபமாக ஏறவும் செய்யும், அதன்பின் இறுகும். இறுகுகிறதே என்று ஸ்பானரைப் போட்டு அழுத்தினால் நட்டின் மரை போய்விடும். என் வண்டியில் முந்தைய மெக்கானிக்குகள் அழுத்தியிருந்த அடையாளம் பல இடங்களில் தெரிந்தது. ஆகவே மரை அளக்கும் கேஜ் ஒன்று எப்போதும் பையில் இருப்பது நல்லது.

கடை அனுபவத்துக்கு வருகிறேன். புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் ஹெரால்டு என்று சொன்னதுமே கையை விரித்துவிட்டார்கள். கோவை உக்கடத்தில் ஒரு காயலான் கடைப் பெரியவரும் முதலில், "அதெல்லாம் எப்பவோ உருக்கிட்டாங்க, சாமி" என்றார். நான் பேச்சை விட்டுவிட்டு, துணியில் சுற்றியிருந்த முன்சக்கரத்தின் டிரன்னியனை எடுத்து அவர் கையில் வைத்தேன். சின்ன வெல்ல அச்சு அளவில் இருக்கும் பித்தளைக் கட்டை அது. நடுவில் மரை போட்ட துளை. அந்தத் துளைக்குள் சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் கீழ்முனை திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் இந்த மரையிலேயே சுழலும். பெரியவர் அதை விரலால் தடவிப் பார்த்தார், மரைக்குள் எட்டிப் பார்த்தார், உள்ளே போய் இரும்புக் குவியலைக் கொஞ்ச நேரம் புரட்டினார். திரும்பி வரும்போது அவர் கையில் தண்டும் டிரன்னியனும் சேர்ந்த முழு உருப்படி இருந்தது. "பேரு தெரியாதுங்க. இது மாதிரி ஒண்ணு ரொம்ப நாளாக் கிடக்குது" என்றார்.

அங்கேயே திருகிப் பார்த்தோம், சேரவில்லை. இந்த டிரன்னியன்களில் இடப்பக்க மரையும் வலப்பக்க மரையும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசை. நான் கொண்டுபோனது இடப்பக்கம், அவர் எடுத்துத் தந்தது வலப்பக்கம். வண்டிக்கு இரண்டும் தேவை என்பதால் எடைக்கு எடை விலை கொடுத்து வாங்கிக்கொண்டேன். இடப்பக்கத் தண்டு இன்னும் கிடைக்கவில்லை. லேத்தில் கடைந்து போடலாமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

மேட்டுப்பாளையம் உறுப்பினர் எழுதுவது:

ஐயா, நான் லேத் பட்டறை வைத்திருப்பவன்; வருகிற வேலையை வேண்டாம் என்று சொல்வது எனக்கு வழக்கமில்லை. ஆனாலும் அந்த எஃகுத் தண்டை மட்டும் லேத்தில் செய்ய வேண்டாம். பித்தளைக் கட்டையை நல்ல கன்மெட்டல் வெண்கலத்தில் கடைந்து தரலாம், கோவையில் அதற்கு ஆள் உண்டு. தண்டு அப்படியன்று, அது பழுக்கக் காய்ச்சி அச்சில் அடித்து உருவாக்கிய பொருள். வண்டியின் முன்பாரத்தில் பாதியும் பிரேக் பிடிக்கும்போது விழும் இழுப்பும் அதன் மரை தொடங்கும் இடத்தில்தான் இறங்குகின்றன. சும்மா ஒரு கம்பியைக் கடைந்து மரை போட்டால், அந்த முதல் மரையின் பள்ளத்திலிருந்தே விரிசல் விழும். அது முறிந்தால் சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். பர்லியார் வளைவில் அப்படிப் படுத்த ஹெரால்டு ஒன்றைத் தூக்கிவரச் சிறுவயதில் என் தகப்பனாரோடு போயிருக்கிறேன். நல்லவேளையாக வண்டி மலைப்பக்கம் சாய்ந்திருந்தது.

அந்த வண்டியில் முறிந்த தண்டின் மரை முழுக்கத் துரு. டிரன்னியனுக்குக் கிரீஸ் அடிக்கும் பழக்கமே அதற்குக் காரணம். அங்கே போட வேண்டியது கியர் ஆயில், 90 எண். கம்பெனி சொன்னதும் அதுவே. கிரீஸ் காய்ந்து கெட்டியாகிவிட்டால் மரையின் அடிவரை எதுவும் போய்ச் சேராது, புகுந்த தண்ணீர் மட்டும் உள்ளே தங்கும். மலையில் மழைக்குக் கேட்கவா வேண்டும். கிரீஸ் கன்னிலேயே கியர் ஆயிலை நிரப்பி, மேலே கசியும் வரை அடியுங்கள். அடிமூடி வழியாக ஒழுகினால் அந்த மூடி போய்விட்டது என்று அர்த்தம்.

இடப்பக்கத் தண்டுக்கு வழி இருக்கிறது. ஹெரால்டின் முன்பக்க அமைப்பையே டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரும் எடுத்துக்கொண்டது; அந்த வண்டி 1980 வரை தயாரானதால், இங்கிலாந்தில் அதற்கான உருப்படிகளை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். எந்த வண்டிக்கு எந்த எண் என்று அவர்களுடைய பட்டியலில் தெளிவாக இருக்கும். அங்கே உறவினர் யாராவது இருந்தால் வரும்போது பெட்டியில் எடுத்துவரச் சொல்லுங்கள். வாங்கும்போது இரண்டு பக்கத்தையும் வாங்கிவிடுங்கள். காயலான் கடைத் தண்டின் வயது யாருக்குத் தெரியும்?

ஊட்டி உறுப்பினர் எழுதுவது:

நான் கட்டியதும் ஃபைபர் வண்டிதான், ஆனால் ஜீப் சேசிஸில். பாடி வேலையைப் பற்றிச் சொல்கிறேன்.

ரெசினும் மேட்டும் (கண்ணாடி இழை விரிப்பு) கோவையில் தாராளமாகக் கிடைக்கின்றன. கிடைக்காதது இங்கே வெயில். 15 டிகிரிக்குக் கீழே போனால் பாலியெஸ்டர் ரெசின் ஒழுங்காகக் கெட்டிப்படாது. மேலே தோல் கட்டினாற்போல் தெரிந்தாலும் நகத்தால் அழுத்தினால் பிசுபிசுக்கும். அவசரப்பட்டு ஹார்டனரை அதிகம் ஊற்றினால் சூடேறி, பொரிந்து, பிறகு வெடிக்கும். எனவே ஏப்ரல், மே மாதங்களில் காலை பத்து மணிக்குமேல் தொடங்கி, வெயில் சாய்வதற்குள் முடித்துவிடுவது நலம். நட்சத்திர வடிவ விரிசல்களைப் பார்த்ததும் பலர் மேலேயே பட்டி பூசிப் பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். விரிசலை அரத்தால் திறந்து, பின்பக்கத்தில் மேட் ஒட்டிய பிறகே முன்பக்கத்தைத் தொட வேண்டும்.

ஃபைபர் பாடியில் மின்சாரம் பாயாது என்பது எல்லோருக்கும் தெரியும், வயரிங் செய்யும்போது மட்டும் மறந்துபோகும். இரும்பு பாடியில் விளக்கைத் திருகினாலே எர்த் கிடைத்துவிடும். இங்கே ஒவ்வொரு விளக்குக்கும் சேசிஸ் வரை தனி வயர் இழுக்க வேண்டும். இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட் மங்குவது, பிரேக் மிதித்தால் பக்கத்து விளக்கும் சேர்ந்து எரிவது போன்ற விநோதங்களுக்குப் பெரும்பாலும் எர்த்தே காரணம். இதற்காகப் புது டைனமோவும் பேட்டரியும் வாங்கி வைத்தவர்களை அறிவேன்.

கார்புரேட்டரையும் கவனியுங்கள். ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர். மேட்டுப்பாளையத்தைவிட இங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே சரியாக ஓடிய வண்டி மேலே வந்தால் பெட்ரோலை அதிகம் குடித்து, பிளக் கரி பிடிக்கும். அப்போது உடனே எஞ்சினைப் பிரிக்காமல், கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் துளையான மெயின் ஜெட்டை ஒரு படி சிறியதாகப் போட்டுப் பாருங்கள். ஆனால் அதே ஜெட்டோடு சமவெளியில் நெடுந்தூரம் ஓட்டாதீர்கள், எஞ்சின் சூடேறும்.

கோத்தகிரி உறுப்பினர் எழுதுவது:

உதிரிபாகம் கிடைத்துவிட்டாலும் இரண்டு விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள், அண்ணா.

முதலாவது, பின்பக்க ஸ்பிரிங். ஹெரால்டில் குறுக்காக ஒரே பட்டைக் கட்டு இருக்கும், இரண்டு பக்க ஆக்சிலும் தனித்தனியே மடங்கும். இரும்பு பாடியின் பாரத்துக்கு வளைத்த பட்டை அது. பாரம் குறைந்த ஃபைபர் பாடியை ஏற்றினால் பின்பக்கம் எழும்பி, சக்கரங்களின் அடி உள்நோக்கிச் சாயும். கொண்டை ஊசி வளைவில் வேகமாகத் திரும்பினால் வெளிச்சக்கரம் உள்ளே மடிந்து வண்டி அலைக்கழியும். பட்டறையில் ஒன்றிரண்டு பட்டையை எடுத்துவிட்டோ, வளைவைக் குறைத்தோ, வண்டியை அதன் பழைய உயரத்துக்கு இறக்குங்கள். இறக்கத்தில் போலீஸ் பலகை சொல்கிறபடி கியரில்தான் இறங்க வேண்டும். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள வண்டிக்கு வேறு வழியில்லை.

இரண்டாவது, ஆர்.சி. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு உங்களுக்குப் பொருந்தாது. இருபதாயிரம் ரூபாய் கட்டிப் பதியலாம்தான். ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சின் மூன்றும் பெரிய மாற்றமின்றி மூல வடிவில் இருக்க வேண்டும் என்பது விதி. சாதாரணப் பதிவைப் புதுப்பிக்கலாம் என்றால், தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்னும் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே வரும். பாடி மாறியது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏறவில்லை என்றால், இனி பணம் செலவழிக்கும் முன்பே பிரேக் இன்ஸ்பெக்டரை நேரில் பார்த்துப் பேசிவிடுவது உத்தமம். என் நண்பர் ஒருவருடைய வண்டி பெயின்ட் வரை முடிந்து, எஃப்.சி. கிடைக்காமல் ஷெட்டிலேயே நிற்கிறது.

குன்னூர் உறுப்பினர் எழுதுவது:

அனைவருக்கும் நன்றி. ஆர்.சி.யைப் பார்த்தேன், பாடி வகை மாற்றம் அந்தக் காலத்திலேயே பதிவாகி, முத்திரையும் இருக்கிறது. தண்டு இரண்டையும் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கச் சொல்லிவிட்டேன். 948 சி.சி. எஞ்சினுக்கு 63 மில்லிமீட்டர் பிஸ்டன் ரிங் செட் ஒன்று தேவைப்படுகிறது. எந்த வண்டியுடையது என்பது பொருட்டில்லை. உங்கள் ஊர்க் கடைகளில் அந்த விட்டத்தில் ஏதாவது கிடந்தால், ஒவ்வொரு ரிங்கின் தடிமனையும் அளந்து இங்கே எழுதுங்கள், என் பிஸ்டனின் பள்ளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.