பதில்: ப்ரீலோடுக்கு ‘முன்சுமை’ வேண்டாமே

அன்புள்ள குழுவினருக்கு,

நான்கு நாளாக நம் கலைச்சொல் குழுவின் இந்த மடல் இழைப் பக்கம் வர முடியவில்லை. ஜீப்பின் முன் அச்சைப் பிரித்துப் போட்டிருந்தோம், கையெல்லாம் கிரீஸ். ஆனால் போனது வீணில்லை. வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாக, ப்ரீலோடு (preload), அதாவது பேரிங்கைப் பூட்டும்போதே வைக்கிற இறுக்கம், அதற்கு நாம் இங்கே தேடிக்கொண்டிருந்த தமிழ்ச்சொல் கம்பம் ஊர்ப் பட்டறையில் சாதாரணமாகப் புழங்கிக்கொண்டிருக்கிறது.

அதற்கு முன், ஷிம் (shim, பாகங்களுக்கு இடையில் வைக்கிற மெல்லிய தகடு) பற்றிப் போன வாரம் நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

> ஷிம் = அண்டைத்தகடு. ஆடுகிற பெஞ்சுக்குக் காலடியில் அட்டையை மடித்து அண்டை கொடுக்கிறோமே, அதேதான்.

அதே இல்லை. எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. வண்டியில் வைத்துப் பார்த்தால் தலைகீழ்.

என்னுடையது பழைய மகிந்திரா சிஜே 3பி. அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் வழி வந்த வண்டி. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் பல வருடம் மலையேறி இறங்கியபின் என் கைக்கு வந்தது. சில மாதமாக ஒரு கோளாறு: நாற்பதில் போகும்போது முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும், ஸ்டியரிங் கையை உதறித் தள்ளும். வண்டியை ஏறக்குறைய நிறுத்தினால்தான் அடங்கும். மெக்கானிக்குகள் இதற்கு ‘உதறல்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். (இதற்கும் யாராவது ‘முன்சக்கரப் பேரதிர்வு’ என்று ஒன்றைக் கொண்டுவந்தால் நான் குழுவை விட்டே போய்விடுவேன், விளையாட்டுக்குச் சொல்கிறேன்.)

பட்டறை அண்ணன் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கினார். மேலே ஒரு கை, கீழே ஒரு கை பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். டொக் டொக் என்று ஆட்டம். “ஏறி பிரேக்கை மிதிங்க” என்றார். மிதித்தேன். மறுபடி ஆட்டினார், ஆட்டம் அப்படியே இருந்தது. “அப்ப ஹப் பேரிங் இல்ல, கிங்பின்தான்.” பிரேக்கை மிதிக்கும்போது ஹப்பும் (சக்கரத்தின் நடுக்குடம்) அதன் பின்னால் இருக்கிற தட்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்கின்றன. ஹப் பேரிங்கில் ஆட்டம் இருந்தால் அப்போது நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை என்றால் அதற்கும் உள்ளே, சக்கரம் இடவலமாகத் திரும்புகிற கிங்பின் மூட்டில் கோளாறு.

அந்த மூட்டில் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு டேப்பர் (கூம்பு வடிவ) பேரிங். அவற்றை மூடுகிற மூடிக்கு அடியில்தான் ஷிம். வில்லிஸ் கையேட்டில் 0.003, 0.005, 0.010, 0.030 அங்குலம் என்று நான்கு கனம். கொத்தனார் சொல்கிற ஒரு நூல் என்பது எட்டில் ஒரு அங்குலம். இதில் ஆக மெல்லிய ஷிம் அந்த நூலில் நாற்பதில் ஒரு பங்குகூட வராது. காகிதம் மாதிரி இருக்கும், ஓரம் மட்டும் விரலைக் கிழிக்கும்.

இப்போது கவனியுங்கள். ஷிம்மை எடுத்தால் மூடி இன்னும் உள்ளே இறங்கும், பேரிங் இறுகும். ஷிம்மைச் சேர்த்தால் மூடி மேலே எழும்பும், ஆட்டம் வரும். பெஞ்சுக்கு அண்டை கொடுத்தால் ஆட்டம் நிற்கும். இங்கே கொடுத்தால் ஆட்டம் ஆரம்பிக்கும். ‘அண்டைத்தகடு வை’ என்று ஒரு கையேட்டில் படிக்கிற பையன் ஆட்டத்தை நிறுத்தத்தான் வைக்கிறோம் என்று நினைப்பான், வேலையைக் கெடுப்பான். தவிர, மேட்டில் நிறுத்திய வண்டி உருளாமல் டயருக்குக் கல்லை ‘அண்டக் குடு’ என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். அந்த இடத்தில் அந்தச் சொல் நிம்மதியாக இருக்கட்டும்.

எனவே ஷிம்முக்கு ‘இடைத்தகடு’ போதும். இறுக்குமா தளர்த்துமா என்று அது எதுவும் வாக்குக் கொடுக்கவில்லை, இரண்டு பாகத்துக்கு இடையில் இருக்கும் தகடு என்று மட்டும் சொல்கிறது. ‘இழைத்தகடு’ என்று யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னது அழகுதான். ஆனால் வேகமாகப் படித்தால் ‘இழைத்த’ என்று கண் போய்விடுகிறது, தச்சுப் பட்டறை ஞாபகம் வருகிறது.

சரி, ப்ரீலோடு.

> முன்சுமை என்பது நேரடியான, சிக்கலில்லாத சொல். வகுப்பில் முப்பது ஆண்டு அதைத்தான் பயன்படுத்தினேன்.

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு முன் நான் சின்னவன். ஆனாலும் ஒரு வாக்கியத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்: ‘ஜீப்பின் முன்சுமை கூடினால் ஸ்டியரிங் கனக்கும்.’ எதைப் புரிந்துகொள்வீர்கள்? வண்டியின் முன்பக்கம் விஞ்சு (கயிற்றைச் சுற்றி இழுக்கும் பொறி) மாட்டியிருக்கிறார்கள், கனமான பம்பர் போட்டிருக்கிறார்கள் என்றுதானே? அதனாலும் ஸ்டியரிங் கனக்கும் என்பதுதான் இதில் விபரீதம். தவறான பொருளிலும் வாக்கியம் சரியாகவே நிற்கிறது. முன் என்பது நமக்குக் காலத்துக்கும் ஆகும், இடத்துக்கும் ஆகும். மின்தூக்கியின் பேரிங்கைப் பற்றிப் பேசும்போது தொல்லை இல்லை. முன் அச்சு, முன் சக்கரம், முன் பிரேக் என்று நாள் முழுவதும் பேசுகிற இடத்தில் இது ஆகாது.

சுமை என்பதும் எனக்கு ஒட்டவில்லை. அங்கே யாரும் எதையும் ஏற்றவில்லை. வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே, சக்கரம் கழற்றிய நிலையிலேயே வைக்கிற இறுக்கம் அது.

எப்படி வைக்கிறோம் என்று பார்த்தால் சொல் தானாக வரும். கையேட்டு முறையில் ஆயில் சீலைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைத் திருப்புகிற இரும்புக் கையின் (ஸ்டியரிங் ஆர்ம்) துளையில் ஸ்பிரிங் தராசைக் கோத்து இழுக்க வேண்டும். மூட்டு நகரத் தொடங்குகிற கணத்தில் 12 முதல் 16 பவுண்டு காட்டினால் சரி. குறைந்தால் ஷிம்மை எடு, கூடினால் சேர். மேலும் கீழும் பங்கிட்டு, ஒரே பக்கம் அடுக்காமல். நான் தராசு கொண்டு போயிருந்தேன். அண்ணன் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. மூட்டைக் கையால் ஒரு பக்கம் தள்ளினார். அது தானே சரிந்து விழுந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு மெல்லிய ஷிம்மை எடுத்தார், பூட்டினார், மறுபடி தள்ளினார். தள்ளின இடத்தில் அசையாமல் நின்றது. “பதம் வந்துருச்சு” என்றார். அப்புறம்தான் நான் தராசைப் போட்டேன்: ஆறு கிலோவுக்குச் சற்றுக் கூட. பவுண்டில் பதின்மூன்றரை!

‘இறுக்கப்பதம்.’ இதுதான் என் பரிந்துரை.

> பதம் என்பது கைப்பக்குவம். எண்ணால் அளக்கிற ஒன்றுக்குப் பொருந்துமா?

அக்கா, அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவர்களிடம் கேளுங்கள். ஒற்றைக் கம்பிப் பதம், இரட்டைக் கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று படிப்படியாகச் சொல்வார்கள். பதத்துக்கு அளவு உண்டு, குறைவதும் மிஞ்சுவதும் உண்டு. இந்த இறுக்கத்துக்கும் அப்படியே: குறைந்தால் உதறல், மிஞ்சினால் வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது, பேரிங்கும் சீக்கிரம் தேயும். ‘முன்’ சொல்லாத அந்தச் சரியளவையும் ‘பதம்’ சொல்லிவிடுகிறது. பதம் என்றால் சொல், பதவி என்ற பொருள்களும் உண்டே என்று கேட்டால், இறுக்கத்தோடு சேர்த்துப் பார்த்தபின் யாருக்கும் இலக்கணம் நினைவுக்கு வராது.

இரண்டு இடத்தில் மட்டும் இந்தச் சொல்லை நீட்ட வேண்டாம். போல்ட்டில் வருகிற ப்ரீலோடு வேறு. அங்கே இறுக்க இறுக்க போல்ட்டே இழுபட்டு நீள்கிறது. அதற்கு ‘இழுவிறுக்கம்’ மாதிரி ஒன்றைத் தனி இழையில் பார்க்கலாம். இன்னொன்று, அதே முன்சக்கரத்தின் ஹப் பேரிங். சக்கரம் பிடிக்கிற வரை நட்டை இறுக்கிவிட்டு ஆறில் ஒரு சுற்றுப் பின்னால் தளர்த்தச் சொல்கிறது கையேடு. அங்கே வேண்டியது மயிரிழை இடைவெளி. ஒரே சக்கரத்தில் ஒரு பேரிங்குக்கு இறுக்கப்பதம், அடுத்ததற்கு இடைவெளி. இரண்டையும் ஒரே மாதிரி இறுக்கித்தான் எனக்கு முன் யாரோ வலது பக்க ஹப்பை நீலம் பாரிக்கச் சுட்டுவைத்திருந்தார்கள்.

‘ப்ளே’ (play) என்கிற தளர்வுக்கு ‘ஆட்டம்’ என்பதில் யாருக்கும் மறுப்பில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஞாயிறு இரவு வரை வேறு கருத்து வராவிட்டால் இடைத்தகடு, இறுக்கப்பதம் இரண்டையும் விக்சனரி என்கிற இணைய அகராதியில் ஏற்றிவிடுகிறேன். ஐயா, முன்சுமையை அழிக்க மாட்டேன், இரண்டாவது பொருளாக அதுவும் பக்கத்தில் இருக்கும். இடது பக்கக் கிங்பின் இன்னும் பாக்கி. சனிக்கிழமை மறுபடி கம்பம் போகிறேன். ஷிம், மூடி எல்லாவற்றையும் வரிசையாகப் படம் எடுத்து அனுப்புகிறேன்.